ஆங்க்தில் என்றொரு பிடிவாதக்காரர்

அன்புள்ள வாத்தியாரே,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். உன் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை இப்போதே காலி செய்துவிடு. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் பாக்கி. அதிகம் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வீட்டில் அதற்குக் காவலும் போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதத்தில் பாதி சண்டைதான். நான் தலையில் வைத்துக் கொண்டாடும் ஐரோப்பியக் கீழைத்தேய அறிஞர்கள் எல்லாரும் ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆள், இல்லை என்றால் பாதிரி என்கிறாய். நிறையப் பேருக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் நீதிபதி. பண்டிதர்கள் சொல்லும் சட்டத்தை அப்படியே நம்ப மனமில்லாமல்தான் சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார். மாக்ஸ் முல்லர் இந்தியப் பக்கமே வந்ததில்லை, அவருடைய ரிக்வேதப் பதிப்புக்குக் கம்பெனிதான் பணம் கட்டியது. ஆனால் ஆங்க்தில் துபெரோனை நீ எந்தக் கூடையில் போடுவாய்?

1731இல் பாரிசில் பிறந்தவர். பாதிரியார் ஆகப் படித்து, பாதியில் விட்டவர். 1754இல் அவர் கண்ணில் நாலு ஏடுகளின் நகல் பட்டது. ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு பார்சி மறைநூலின் நகல் அது. ஐரோப்பாவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் படிக்கத் தெரிந்தவர்களிடமே போய்க் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். கையில் காசில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் படையில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்து, மற்றச் சிப்பாய்களோடு பாரிசிலிருந்து லோரியாந்த் துறைமுகம் வரை நடந்தே போனார். கப்பல் ஏறுமுன் அரசாங்கம் மனமிரங்கி, படையிலிருந்து விடுவித்து, ஒரு சின்ன உதவித்தொகையும் கொடுத்தது. 1755 ஆகஸ்டில் வந்து இறங்கியது நம் புதுச்சேரியில்தான்!

அப்புறம் நடந்ததைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பாய். பாரசீகம் படித்தார், நோயில் விழுந்தார், வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தன்நகர் போனார். 1757இல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்துக்கொள்ளவே, தரைவழியாகவே புதுச்சேரி திரும்பினார். மறு வருடம் சூரத். அங்கே ஒரு சக பிரெஞ்சுக்காரனோடு வாள்சண்டை, அவன் செத்துப்போனான். முனிவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோபக்காரர், தற்பெருமைக்காரர்.

சூரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் தஸ்தூர் தாராப் என்ற பார்சி குரு. இந்தப் பெயரை நாம்தான் அடிக்கடி சொல்ல வேண்டும். அந்த மறைநூலான அவெஸ்தாவை வரிவரியாகப் பாரசீகத்தில் அவர் விளக்க, இவர் எழுதிக்கொண்டார். பார்சிகள் அப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். ஆங்க்தில் சும்மா இல்லை, எதிர்க்கட்சியிடமிருந்தும் ஒரு கையெழுத்துப் பிரதியை வாங்கி, தாராப் கொடுத்தது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

ஏழாண்டுப் போரின் நடுவே ஆங்கிலக் கப்பலில் ஊர் திரும்பினார். வழியில் ஆக்ஸ்போர்டுக்கும் போய், அந்தப் பழைய ஏட்டைத் தன் பிரதிகளோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பாரிசுக்குப் போனார். 1762 மார்ச்சில் 180 கையெழுத்துப் பிரதிகளை அரசர் நூலகத்தில் ஒப்படைத்தார். 1771இல் அவெஸ்தாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முன்னால் நீளமான பயணக் கதை, அதில் ஆக்ஸ்போர்டுக்காரர்களைப் பற்றி ஏளனம். கேட்கவா வேண்டும்? 25 வயது ஜோன்ஸ் பெயர் போடாமல் பிரெஞ்சிலேயே ஒரு துண்டு நூல் எழுதி இவரைக் கிழித்துவிட்டார். பார்சி மதத்தைத் தோற்றுவித்த ஜரதுஷ்டிரருக்குப் பொது அறிவே கிடையாது, அல்லது இது அவர் எழுதியதில்லை, இரண்டில் ஒன்று என்பது அவர் வாதம்.

ஜோன்ஸ் பெரிய அறிஞர், இவரைவிட நிச்சயம் பெரியவர். ஆனால் இந்த விஷயத்தில் தவறியது அவர்தான். 1789இல் அவரே கல்கத்தாவில், ஆங்க்தில் கொடுத்த அவெஸ்தா மொழிச் சொற்பட்டியலைப் பார்த்தால் பத்துக்கு ஆறேழு சொல் சுத்த சமஸ்கிருதமாக இருக்கிறதே என்று வியந்தார். 1826இல் டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க், அந்த மொழி பழமையானது, உண்மையானது என்று நிறுவினார். பிறகு பாரிசில் பூர்னூஃப் என்ற அறிஞர், ஆங்க்தில் கொண்டுவந்த பிரதிகளுக்குள்ளேயே ஒரு சமஸ்கிருத மொழிபெயர்ப்பைக் கண்டெடுத்து, அதை வைத்தே ஆங்க்திலின் பிழைகளைத் திருத்தினார். எனக்கு இதில்தான் ருசி. பிழையான மொழிபெயர்ப்பையும், அதைத் திருத்துவதற்கான சாதனத்தையும் ஒரே மனிதர் ஒரே மூட்டையில் சுமந்து வந்திருக்கிறார்.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1778இல் இவர் இன்னொரு நூல் எழுதினார். கீழை நாடுகளில் அரசன் வைத்ததே சட்டம், குடிமகனுக்குச் சொத்தே கிடையாது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியு சொன்னதை மறுத்து, துருக்கி, பாரசீகம், இந்தியா மூன்றிலும் எழுதிய சட்டமும் உண்டு, தனிச்சொத்தும் உண்டு என்று ஆதாரத்தோடு வாதாடினார். நிலமெல்லாம் ராஜாவுடையது என்று சொல்லிவிட்டால், ராஜாவை ஜெயித்தவனுக்கு நிலம் பூராவும் சொந்தமாகிவிடும் அல்லவா? அந்தச் சூதை அவர் பார்த்துவிட்டார். கம்பெனி ஆள் எழுதுகிற புத்தகமா இது?

முதுமையில் வறுமை. ரொட்டி, பால், பாலாடைக்கட்டி, தண்ணீர் என்று வாழ்க்கை. அதோடுதான் முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த 50 உபநிடதங்களை லத்தீனில் கொண்டுவந்தார், 1801-02இல் அச்சானது. ஜெர்மன் தத்துவஞானி ஷோபன்ஹவருக்கு வாழ்நாள் ஆறுதலாக இருந்தது அந்த நூல்தான். நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று அறிஞர் பேரவை இடத்தையே விட்டுவிட்டார். 1805 ஜனவரியில் இறந்தார்.

பாதிரிமார் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. சீகன்பால்கு பற்றி நீ எழுதியதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதிக்கு நேரில் சண்டை போடலாம். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்