விசிறிப் புத்தகம் கேட்டிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

விசிறி வடிவிலும் சுருக்குப்பை வடிவிலும் நாங்கள் புத்தகம் செய்கிறோம். கும்பகோணத்தில் கணக்கு நோட்டும் ரசீதுப் புத்தகமும் பைண்ட் பண்ணிக்கொண்டிருந்த கடைக்கு விசிறியும் சுருக்குப்பையும் எதற்கு, அதில் என்ன படிப்பது என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அந்தக் காலத்தில் கையில் வைத்திருந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை முறை இருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நடன விருந்துகளில் பெண்கள் ஒரு குட்டிப் புத்தகத்தை மணிக்கட்டில் மாட்டியிருப்பார்கள். அன்றைய நடனங்களின் வரிசை, எந்த நடனத்துக்கு யார் ஜோடி என்று எழுத இடம், நூலில் தொங்கும் பென்சில். ஒருவர் பெயரை எழுதிவிட்டு இன்னொருவரோடு ஆடினால் மரியாதைக் குறைவு. இதைக் கேள்விப்பட்ட பிறகு பைண்டருக்குக் கை சும்மா இருக்குமா?

விசிறி எங்களுக்கு இன்னும் நெருக்கம். துணியே இல்லாமல் பட்டைகளை மட்டும் அடுக்கி, அடியில் ஓர் ஆணி, மேலே ஒரு ரிப்பன் என்று கோத்த விசிறிகள் உண்டு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: துளை, கயிறு, அடுக்கு. எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பட்டையும் ஒரு பக்கம். பாதி விரித்தால் பாதி வாசகம்தான் தெரியும். பந்தியில் உட்காருவது, எழுவது பற்றிய நம் ஊர்ப் பழக்கங்களை அதில் எழுதியிருக்கிறோம்.

சிலர் ‘விசிறி மொழி’யை அச்சடித்துத் தரச் சொல்கிறீர்கள், கன்னத்தில் இழுத்தால் காதல், கைக்குள் இழுத்தால் வெறுப்பு என்கிற அந்தப் பட்டியல். அது பெரும்பாலும் விசிறி விற்கக் கிளப்பிய கதை. 1827இல் பாரிசில் தொடங்கிய டூவெல்ருவா என்ற விசிறிக் கடை அப்படி ஒரு துண்டுத்தாளைப் போட்டது. அழகான விளம்பரம், ஒத்துக்கொள்கிறோம். ‘பழைய விளம்பரம்’ என்று தலைப்பிட்டு அச்சடிக்கலாம். வரலாறு என்று போட மாட்டோம்.

அப்புறம், விசிறிப் புத்தகம் தரத் தாமதமாவது ஏன் என்பது. எங்கள் விசிறியில் பட்டை என்பது மெல்லிய அட்டை, இரண்டு பக்கமும் தாள் ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதாப் பசை லேசில் காயாது. ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் அட்டை வளைந்துவிடும். ஒரு பட்டை வளைந்தாலும் விசிறி மூடாது. அதனால் பாரம் வைத்து நிதானமாகத்தான் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். மழைக்காலத்தில் கேட்பவர்களுக்குத் தை பிறந்த பிறகுதான் தர முடியும். கல்யாணத் தேதி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சுருக்குப்பைப் புத்தகம் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம். கயிற்றை இழுத்தால் உள்ளே வெற்றிலை வடிவத் தாள்கள் மடிப்பு மடிப்பாக வரும். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவுவது வரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பெரியவர்கள் நிஜ வெற்றிலையையும் பாக்கையும் அதில் போட்டுவைப்பதாகக் கேள்விப்பட்டோம். தயவுசெய்து வேண்டாம். பூஞ்சையும் பூச்சியும் வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிறோம், அது விஷம். வாயில் போடும் எதையும் அதற்குள் வைக்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பைண்டிங் கடையினர்