டப்பாவுக்கு லேட்டா சிரிக்கத் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க லேட் நைட் ஷோ, அதான் ராத்திரில ஒருத்தர் மேடைல நின்னு ஜோக் சொல்லி, பிரபலங்களக் கூப்பிட்டுப் பேசுற டிவி நிகழ்ச்சி, அது பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். மொதத் தடவ கண்ணாடி போடாம படிச்சதால தப்பாப் படிச்சிட்டேனோன்னு ஒரு சந்தேகம். இல்ல, சரியாத்தான் படிச்சிருக்கேன். அங்க கேக்குற சிரிப்பு முழுக்க 'டப்பா சிரிப்பு', அதாவது முன்னாடியே பதிவு பண்ணி வெச்சுப் போடுற சிரிப்புன்னு உங்க கட்டுரையாளர் ஒரே வரில முடிச்சிட்டார்.

உங்களுக்குத் தெரியாததில்ல, 1950கள்ல அமெரிக்காவுல சிபிஎஸ்ங்கற டிவி சேனல்ல இருந்த சார்லி டக்ளஸ்ங்கற சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெட்டி செஞ்சார், பொத்தான அமுக்கினா சிரிப்பு வரும், அத காமெடி சீரியலுக்கெல்லாம் போட்டாங்க. ஆனா லேட் நைட் ஷோ நெசமான ஆளுங்கள உக்கார வெச்சு எடுக்குறது. அந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தி.

2018ல பையன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தப்ப மருமக அப்படி ஒரு ஷோவ நேர்ல பாக்க டிக்கெட் போட்டா. காசு கிடையாது, ஆனா சீட்ட விட அதிகமா டிக்கெட் குடுத்து வெச்சிருப்பாங்க, அதனால கைல டிக்கெட் இருந்தாலும் உள்ள போவோம்ங்கறது நிச்சயமில்ல. மன்ஹாட்டன் வெயில்ல முட்டி வலியோட ரெண்டு மணி நேரம் க்யூல நின்னு உள்ள போனா ஏசி மார்கழி மாசம் மாதிரி இருக்கு. ராத்திரி 11.35க்கு வர்ற ஷோவ சாயங்காலமே எடுத்துடறாங்க. அதுக்கு முன்னாடி வார்ம்அப்புக்குன்னு, அதாவது கூட்டத்த உசுப்பேத்தி விட, ஒரு காமெடியன் வந்து, தலைக்கு மேல தொங்குற மைக்கக் காட்டி, புன்னகை பண்ணா அதுக்குக் கேக்காது, வாய விட்டுச் சிரிங்கன்னான். கை தட்டச் சொல்லி சிக்னலும் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா சிக்னல் கை தட்டத்தான் வைக்கும், சிரிக்க வைக்குமா? பேஸ்பால் ஜோக் ஒண்ணுக்கு எல்லாரும் சிரிச்சு ஓஞ்சப்புறம் மருமக காதுல விளக்கிச் சொல்லி, நான் மட்டும் தனியா சிரிச்சு, முன்வரிசைக்காரர் திரும்பியே பார்த்துட்டார். டப்பாவுக்கு லேட்டா சிரிக்கத் தெரியுமா?

ஜானி கார்சன் 1962லேர்ந்து 1992 வரைக்கும் முப்பது வருஷம் 'டுநைட் ஷோ'ங்கற லேட் நைட் ஷோவ நடத்தினார். ஜோக் எடுபடலன்னா பேண்ட் ஒரு பழைய ட்யூன் வாசிக்கும், மனுஷன் அங்கயே சின்னதா ஒரு டான்ஸ் ஆடுவார், ஜோக்குக்குச் சிரிக்காத கூட்டம் அதுக்குச் சிரிக்கும். சிரிப்பப் பெட்டில வெச்சிருக்கறவன் எதுக்கு ஆடணும்?

2020 மார்ச்ல கொரோனா வந்து தியேட்டர மூடினப்ப, சிபிஎஸ்ல 'லேட் ஷோ' நடத்தின ஸ்டீபன் கோல்பேர் கோட்டு சூட்டோட பாத்டப்ல உக்காந்து பேசினார். அப்புறம் பல மாசம் அவர் சம்சாரம் ஈவி கேமராவுக்குப் பின்னாடிலேர்ந்து சிரிச்சதுதான் கூட்டமே. நான் அத ரசிச்சு உங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதினேன், வரவே இல்ல. அதுக்கு முந்தி ஒரு கடிதம் போட்டீங்க, மூணு வரியா வெட்டி, இனிஷியலயும் மாத்தி. ஆனா உங்க ஜோக்ஸ் பக்கத்துல அதே டாக்டரும் அதே பேஷண்ட்டும் இருபது வருஷமா வந்துட்டுத்தான் இருக்காங்க, அவங்களுக்கு மட்டும் எடம் இருக்கு.

2025 ஜூலைல, அடுத்த மே மாசத்தோட ஷோவ சேனல் நிறுத்தப்போகுதுன்னு கோல்பேர் சொன்னதும் கூட்டம் 'ஊ'ன்னு கத்திச்சு, பார்த்திருப்பீங்க. அதுவும் டப்பாதானா?

குறை சொல்ல விஷயமே இல்லன்னு நான் சொல்லல. இப்பல்லாம் ஜோக்குக்குச் சிரிக்கறத விட, எங்க கட்சிக்காரன் மாதிரியே பேசுறான்னு கை தட்டறது ஜாஸ்தியாயிடுச்சு, ட்ரம்ப் பேரச் சொன்னாப் போதும். அத எழுதியிருந்தா நானே கை தட்டியிருப்பேன், சிக்னல் இல்லாமலே. அதுக்கு ஷோவப் பார்த்திருக்கணுமே.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, அது போதும். அப்புறம், போன மாசம் ரெண்டாவது வார இதழ் இன்னும் எனக்கு வந்து சேரல. அதையும் அனுப்பி வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
22 வருஷ சந்தாதாரர்,
திருச்சி