ஆற்றங்கரை நிதி பிரதேச சபைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவின் டானியூப் ஆற்றுப் படுகையில் ஓரிடத்தில் பலன் தந்த ஆற்று மீட்புப் பணிகளைப் பிற பிராந்தியங்களும் பின்பற்றுவதற்கென ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் நிர்வாகங்களுக்கு நிதியுதவி அளிக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. அதன் கிளையான வெருகல் ஆற்றின் கரையிலோ, மணல் அள்ளிய பள்ளங்களின் விளிம்பில் மருதமரங்கள் வேர் வெளித்தெரியச் சாய்ந்து நிற்கின்றன. 2017 இற்குப் பின் கிழக்கு மாகாண சபையில் தெரிவான உறுப்பினர்கள் இல்லை (அது தனிக்கதை). ஆகவே ஐரோப்பாவைப் போல இங்கும், ஆற்றங்கரை மரநடுகைக்கான நிதியை அரசு பிரதேச சபைகளுக்கே நேரடியாக ஒதுக்க வேண்டும். நடுகைநாள் படத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை. கன்றுகளை மாடு மேயாமல் காக்கும் வேலிக்கும் காவலுக்கும் மூன்று வருடச் செலவு அதில் அடங்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், மூதூர்