காலைக் காப்பதா, அகற்றுவதா: நெல்லைச் சீமையின் எலும்பு முறிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான்குவழிச் சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய வருபவருக்கு, காயத்தின் கடுமைக்கேற்ப மதிப்பெண் போட கோவை கங்கா மருத்துவமனை வகுத்த முறை நமக்கெல்லாம் தெரியும். 14 வரை காப்பாற்றலாம். 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அகற்றுவதே மேல். 15, 16 இரண்டுங்கெட்டான். அந்த இடத்தில் ஒரு மருத்துவமனையின் அனுபவம் மட்டும் போதாது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வருவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, தென்காசி அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் எழுதி, கூட்டு ஆய்வாக நடத்தினால்தான் எண்ணிக்கை சேரும்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2015-ல் வந்த ஃபுளோ ஆய்வே சாட்சி. இந்தியா உட்பட 5 நாடுகளில் 41 மையங்கள் சேர்ந்து புண்ணைக் கழுவும் முறையை ஒப்பிட்டன. சோப்புக் கரைசலில் கழுவியவர்களுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. நீரின் அழுத்தத்தால் பெரிய வித்தியாசமில்லை. விலையுயர்ந்த பீய்ச்சும் கருவி வேண்டாம், சாதாரண சலைன் போதும்!

அமெரிக்காவின் 8 மையங்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் காலைக் காத்தவர்களும் இழந்தவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. வயலில் இறங்க வேண்டும், தரையில் சம்மணமிட வேண்டும். அந்தக் கேள்விகள் நம் படிவத்தில் இருக்க வேண்டும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான்கு நேரங்கள்: விபத்து, முதல் ஆன்டிபயாடிக் ஊசி (ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்), முதல் டெபிரிட்மென்ட் (செத்த தசையையும் அழுக்கையும் வெட்டி அகற்றும் அறுவை), புண்ணைத் தசையாலோ தோலாலோ மூடியது. நேரத்தை அப்போதே எழுதுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் முழு மணியாகவே இருக்கும். காயத்தின் கட்டை முதலில் பிரிப்பவர் ஒருமுறை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடட்டும், அடுத்தவர் அறுவை அரங்கில்தான் பிரிக்க வேண்டும். காயத்தின் தரத்தையும் மதிப்பெண்ணையும் கேஷுவால்டியில் போடாதீர்கள். டெபிரிட்மென்ட் முடிந்த பிறகுதான் உள்ளே நசுங்கிய தசை எவ்வளவு என்று தெரியும். பாதத்தில் நாடி துடிக்கிறது என்பதால் தசை அறை அழுத்தம் (வீக்கத்தால் தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது) இல்லையென்று எழுதிவிடவும் கூடாது. விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி இருக்கிறதா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் நெறிமுறைக் குழு அனுமதியும் சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் முடிந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில். மயக்கத்தில் இருப்பவரிடம் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது.

இத்தகைய ஆய்வு சாய்வது ஓராண்டு மறுபரிசோதனையில்தான். குணமானவரும் வரமாட்டார், வேறிடத்தில் காலை எடுத்துக்கொண்டவரும் வரமாட்டார்; இடைப்பட்டவர்களை வைத்து எழுதும் முடிவு தவறாகவே இருக்கும். நோயாளி எண்ணோடு உறவினர் எண்ணும் பக்கத்து வீட்டார் எண்ணும் வாங்குங்கள். திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் கட்டணத்தை ஆய்வுச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எலும்பு முறிவு சிகிச்சையில் பணியாற்றுவோர்