விழுது இறக்கும் வேலை

அடையாறு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். என் சம்பளமே போதும். அடுத்த மாதமும் வேண்டாம்.

போன வாரம் நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். பொங்கலுக்கு வருவாய் என்று அம்மா கரும்பை வெட்டாமல் ஒரு வாரம் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாள். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

நம் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தில் இப்போது விழுது இறக்கும் வேலை நடக்கிறது. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, செம்மண்ணும் மட்கிய எருவும் வைத்து, விழுதின் நுனி நடுவில் வரும்படி மூடிச் சணலால் கட்டுகிறோம். நுனி வெளிர் மஞ்சளாக, பிறந்த குழந்தையின் விரல் மாதிரி இருக்கிறது. நகம் பட்டால்கூடக் கருகிவிடும். காலையும் மாலையும் மூங்கிலுக்குள் தண்ணீர் விட வேண்டும். தரையில் வேர் பிடித்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை. 1989 காற்றில் தாய்மரம் சாய்ந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவ்வளவு பெரிய அடிமரம் போன பிறகும் மரம் நிற்கிறதென்றால் இந்த விழுதுகளால்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தால் நீ முன்னால் போய் நின்றுகொள்வாய். "சபையை ஆரம்பித்த பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் இந்தத் தோட்டத்தை 1882-ல் வாங்கும்போது 27 ஏக்கர், இப்போ 260 ஏக்கர், இந்த மரத்துக்கு 450 வயசு" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். உனக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள் நான் சருகைக் கூட்டிக் கொளுத்தப் போனேன். தவிட்டுக்குருவிக்கு அதற்குள்தான் சாப்பாடு இருக்கிறது என்று மறித்துக்கொண்டு நின்றாய். அதிலிருந்து நான் சருகைக் கொளுத்தியதில்லை, மரத்தடியிலேயே மட்க விடுகிறேன். புதிதாக வரும் பையன்களிடம், என் பெண் அப்போதே சொன்னாள் என்று இன்றும் சொல்கிறேன்.

2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்த பிறகு நீ போனில் சொன்னாயே, நம் ஊர் மரமாக வையுங்கள் என்று. அப்போது நான் வைத்த மகிழமும் இலுப்பையும் ஆள் உயரம் தாண்டிவிட்டன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரிந்திருந்தது.

கயல், இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. 2011-ல் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிப் படிப்புக்கு நீ விண்ணப்பம் போட்டாய் அல்லவா? கவுன்சலிங்குக்கு வரச்சொல்லி உனக்குக் கடிதம் வந்தது. வரவில்லை என்று நான் சொன்னது பொய். தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நாள் பூராவும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மண்வெட்டி பிடிக்கிற வேலை என்னோடு போகட்டும், நீ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் நீ பத்து நாள் வாசலில் தபாலுக்காக நின்றாய். நான் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன். கம்ப்யூட்டர் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். அந்தப் படிப்பும் வேலையும் உன்னை இப்போது எப்படி வைத்திருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

அம்மாவுக்கும் இது தெரியாது. கடிதம் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருந்தது. இதனுடன் வைத்திருக்கிறேன். திட்டுவதற்காகவாவது போன் செய்.

நேரத்துக்குச் சாப்பிடு. பணம் அனுப்ப வேண்டாம். மேற்குப் பக்கம் இன்னும் பதினோரு விழுது கட்டப் பாக்கி இருக்கிறது, என் விரல் முன்போல் முடிச்சுக்கு வளைவதில்லை. நீ வருவதானால் டிக்கெட்டுக்கு நான் பணம் போடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா