சமத்துவத்தில் நான்காம் இடமா? அதே பத்தியின் மற்ற வரிகள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வருமானச் சமத்துவத்தில் உலகிலேயே நான்காம் இடத்தில் இந்தியா" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். முப்பத்தோரு ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழைப் படித்து வருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த ஒரு வரி என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

ஜினி எண் என்பது ஏற்றத்தாழ்வின் அளவுகோல்: 0 என்றால் முழுச் சமத்துவம், 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில். அந்த நான்காம் இடத்துக்கு அடிப்படையான, உலக வங்கியின் 2025ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ள 25.5 என்ற ஜினி எண், மக்களின் வருமானத்தை அளந்து கண்டதல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. அது 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா போன்ற நாடுகளுக்கோ வருமானத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். முழத்தில் அளந்த துணியையும் மீட்டரில் அளந்த துணியையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று சொல்ல முடியுமா? வசதி படைத்தவர் ஏழையைப் போல் நூறு மடங்கு சாப்பிடுவதில்லை. அவருடைய பணம் பங்குச் சந்தைக்கும் மனைக்கும் போகிறது. அது நுகர்வுக் கணக்கில் வராது. தரவுக் குறைபாட்டால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்று அதே பத்தியில் உலக வங்கியே எழுதியிருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி வருமான ஜினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக உயர்ந்தது என்றும் அங்கேயே இருக்கிறது. தங்கள் தலையங்கத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

நான் இந்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வீடு வீடாக நடத்தும் அரசின் தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியில் 29 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். 2011-12இல் நடந்த 68ஆவது சுற்றில், விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில், செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டதும், உள்ளே போய் ஒரு சிறிய மருந்துப் புட்டியை எடுத்து வந்து, பத்து ரூபாய்க்கு இதில் எந்தக் கோடு வரை ஊற்றுவார்கள் என்று விரலை வைத்துக் காட்டினார். ஏழு நாளில் வாங்கிய கருவாடு, வெற்றிலை, பிள்ளைக்கு வாங்கிய பன் வரை ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடிந்தபின், "ஐயா, இன்னிக்கு அரை நாள் கூலி போச்சு, அதை எழுத இதுல இடம் இருக்குதா?" என்று கேட்டார். இடம் இல்லை.

அதே சுற்றில் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை காவலாளியோடு திரும்பினேன். மூன்றாம் முறை, கீழே இரண்டு கார்கள் நிற்க, கதவின் சங்கிலியைக்கூடக் கழற்றாமல், "மாசம் எட்டாயிரம்னு போட்டுக்கோங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பட்டியலில் இருந்த அடுத்த வீட்டுக்கதவு திறக்கவே இல்லை; விதிப்படி மாற்று வீடு எடுத்தேன். திண்ணையில் உட்காரவைத்தவர் தம் செலவைப் பைசா சுத்தமாகச் சொல்ல, கதவைச் சாத்தியவர் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார். 25.5 என்ற எண்ணுக்குள் இந்தச் சாத்திய கதவுகளும் இருக்கின்றன.

2011இல் ஒருவர் ஏழையல்ல எனக் கொள்ள நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவு போதும் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது, தாங்கள் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டு நிறுத்திக்கொண்டீர்கள். 2017-18 கணக்கெடுப்பு முடிவுகளைத் தரமில்லை என்று கூறி 2019 நவம்பரில் மத்திய அரசு வெளியிடாமல் நிறுத்தியது. என்னிடம் வேலை கற்ற பிள்ளைகள் வெயிலில் அலைந்து சேர்த்த கணக்கு அது. அன்று நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. பின்னாளில், விலையில்லா அரிசி மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று ஒரு வாசகர் எழுதியது மட்டும் முழுதாக வந்தது. என் மறுப்பை நான்கு வரியாக வெட்டினீர்கள். 2022-23 கணக்கெடுப்பில் கிராமப்புறத்தின் அடித்தட்டு ஐந்து விழுக்காட்டினர் ஒருவருக்கு மாதம் 1,373 ரூபாய்தான் செலவு செய்தனர், அதாவது நாளுக்கு 46 ரூபாய். அரிசி விலையில்லாமல் வராவிட்டால் அந்த 46 ரூபாயில் எதை விட்டுவிட வேண்டும் என்று நான் அதில் கேட்டிருந்தேன். வெட்டப்பட்டது அந்தக் கேள்விதான்.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, தலையங்கம் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், உலக வங்கிக் குறிப்பின் அந்தப் பத்தியை முழுமையாக வெளியிடுங்கள். இனி ஜினி எண் எதை அச்சிட்டாலும் அது செலவா, வருமானமா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், அந்த மருந்துப் புட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற களப்பணி அலுவலர், விழுப்புரம்