ஆண்டறிக்கை: முகாம் திடல் பாதைச் சீரமைப்பும் பாதுகாப்பும்

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அண்ணன்மார், ஆச்சிமார், இளைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தார்ச்சாலை முனையிலிருந்து காட்டுக்குள் முகாம் திடல் வரை போகும் கிராவல் பாதையிலும், பாதயாத்திரைக்காரர்களும் சாரணர் பிள்ளைகளும் தங்கும் திடலிலும் இந்த ஆண்டு நடந்த வேலையையும் நின்றுபோன வேலையையும் இந்த அறிக்கை சொல்கிறது.

பாதையைக் கெடுப்பது வண்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கெடுப்பது தண்ணீர். தைப்பூசம் நெருங்கும்போது குழிகளில் கிராவலைக் கொட்டி நிரவிவிடுவது நம் பழைய வழக்கம். அடுத்த ஐப்பசி மழை அதை அள்ளிக்கொண்டுபோய் ஓடையில் சேர்த்துவிடும். ஆகவே இந்த முறை கிராவலுக்கு வைத்திருந்ததில் பாதியை வாய்க்கால் வேலைக்குத் திருப்பலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டது. ‘பணத்தை மண்ணுக்குள் புதைக்கிறீர்கள்’ என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் வளவு முற்றத்தில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடி, எந்தத் தூம்பில் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் தளம் போட்டார்கள். பாதைக்கும் கணக்கு அதுதான்.

வனத்துறை அனுமதி பற்றி. திடல் காப்புக்காட்டில் இருக்கிறது. இருக்கிற தடத்தைப் பழுதுபார்ப்பது வேறு, மரத்தை எடுத்துத் தடத்தை அகலப்படுத்துவது வேறு. காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்குத் திருப்ப 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் வெட்டச் சொல்லி உறுப்பினர்கள் கேட்டதை இதனால்தான் எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றாக, திருவிழா நாள்களில் இரு முனையிலும் ஆள் நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் வண்டியை விட்டோம். பாதையில் போடுவதற்காகக் காட்டு மண்ணில் ஒரு கூடைகூட வெட்டி எடுக்கவில்லை. கிராவல் முழுவதும் உரிமம் பெற்ற குவாரியிலிருந்து நடைச்சீட்டோடு வந்தது. சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன.

முதல் வேலை, பாதையின் இரு ஓரமும் வரப்புப் போல உயர்ந்து நின்றதை மண்வெட்டியால் சீவி எடுத்தது. புல் முளைத்து, சக்கரம் தள்ளிய மண்ணும் சேர்ந்து அந்த வரப்பு வளர்ந்திருந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சக்கரத் தடத்திலேயே ஓடி, தடமே வாய்க்காலாகிவிட்டது. அடுத்து ஓர வாய்க்கால். அதிலிருந்து தண்ணீரைக் காட்டுக்குள் பிரித்துவிடும் கிளைகளைச் சரிவில் 20 மீட்டருக்கு ஒன்றாகவும், சமதரையில் 40 மீட்டருக்கு ஒன்றாகவும் வைத்தோம். கிளை சாய்வாகப் பிரிய வேண்டும். செங்கோணத்தில் வெட்டினால் தண்ணீர் வேகம் குறைந்து, வண்டல் வாயிலேயே படிந்து, இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். நாம் முதலில் வெட்டிய சிலவற்றுக்கு அதுதான் நடந்தது, திரும்ப வெட்டினோம். கிளை முடியும் இடத்தில் செம்புறாங்கல் துண்டுகளைப் பரப்பியிருக்கிறோம். இல்லாவிட்டால் அங்கே குழி விழுந்து, அது பாதையை நோக்கிப் பின்னாலேயே அரித்துக்கொண்டு வரும்.

அடுத்தது நடுமேடு. 3 மீட்டர் அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 7 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கயிறு கட்டி, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் 10 மீட்டருக்கு ஒருமுறை பார்த்தோம். கண்ணளவில் பார்த்தால் எல்லாமே மேடாகத்தான் தெரியும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் நிற்கும், மிகவும் கூடினால் ஈரத்தில் வண்டி ஓரத்துக்கு வழுக்கும்.

குழி அடைப்பதற்குச் சுருக்குவழி கிடையாது. குழியைச் சதுரமாக, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்படி, கெட்டித் தரை வரும்வரை வெட்ட வேண்டும். தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் முழுக்க எடுத்துவிட்டு, அடியிலும் பக்கத்திலும் லேசாக நீர் தெளித்து, 7 முதல் 10 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கடைசி அடுக்கு பாதை மட்டத்தைவிட ஒரு விரல் உயரம் நிற்கலாம், வண்டி போகப்போக அமரும். மொத்தமாகக் கொட்டித் தட்டினால் மேல்தோல் மட்டும் இறுகும், அடி தளர்ந்தே கிடக்கும். சேற்றின் மேல் கொட்டினாலோ, சக்கரம் அழுத்தும்போதெல்லாம் சேறு கல்லிடுக்கு வழியே மேலே பிதுங்கும். ஓடைக்கு முந்திய பெரிய குழி ஆண்டுதோறும் அதே இடத்தில் திறந்ததற்குக் காரணம் இதுவே.

ஈரப்பதத்துக்குக் கைப்பிடிச் சோதனை போதும். கிராவலை அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உடையாமல் அப்பிக்கொண்டால் கூடுதல். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழிதான் சரியான காலம். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு காய்ந்த கிராவலைப் பரப்பினால் அத்தனை பேர் நடக்கும்போது புழுதியாகத்தான் எழும்பும்.

அளவு கேட்டவர்களுக்காக: 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இறுகிய பின் 10 செ.மீ. கனம் வேண்டுமானால் 13 செ.மீ. தளர்வாகப் பரப்ப வேண்டும். அது 39 கன மீட்டர், அதாவது 100 கன அடி யூனிட் கணக்கில் ஏறக்குறைய 14 யூனிட். இதற்குக் குறைவாகச் சொல்லும் ஒப்பந்தக்காரர் கனத்தைக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் 40 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. பெரிய கல் பெயர்ந்துவிட்டால் அந்த இடம் குழி. களி அறவே இல்லாத மணற்பாங்கான கிராவலும் உதவாது. அப்படி வந்த ஒரு நடை, வண்டி ஓடத் தொடங்கியதும் தகரக்கூரை போல அலை அலையாகிவிட்டது. அலையின் பள்ளத்தை மட்டும் நிரவினால் அதே அலை திரும்ப வரும். அடிப்பள்ளம் வரை கொத்திக் கிளறி, களிமண் கலந்து, நீர் தெளித்து மறுபடி இறுக்கினோம்.

ஓடையில் இருந்த 600 மி.மீ. ஹியூம் குழாய் (சிமெண்டுக் குழாய்) முக்கால் பாகம் தூர்ந்திருந்தது. சரிவே இல்லாமல் மட்டமாகப் பதித்திருந்ததுதான் குறை. எடுத்து, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவில் மறுபடி பதித்து, இரு முனையிலும் செம்புறாங்கல் சுவர் கட்டி, தண்ணீர் விழும் பக்கம் கல் பாவியிருக்கிறோம். குழாய் மேல் 60 செ.மீ. மண் மூடு இருக்கிறது. குப்பை புகாதிருக்க யாரோ நல்லெண்ணத்தில் வாயில் கம்பிவலை கட்டிவிட்டார்கள். முதல் மழையிலேயே தைலமர இலை வலையை மூடி, தண்ணீர் பாதைக்கு மேலே ஏறியது. தயவுசெய்து வலை கட்ட வேண்டாம்.

இரண்டாவது ஓடையில் தரைப்பாலம் போடும் திட்டம் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அதுவரை அங்கே சிவப்பு வெள்ளைக் கோடிட்ட அளவுக்கல் நிற்கும். 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ.க்குச் சிறிய கார் மிதக்கத் தொடங்கும்.

இனி திடல். 108 ஆம்புலன்ஸ் பின்னோக்கி வர வேண்டியிராமல் திரும்பிப் போக 15 மீட்டர் விட்டத்தில் இடம் ஒதுக்கிச் சுண்ணாம்பு போட்டிருக்கிறோம். அதில் வேன் நிறுத்துவோரிடம் வாதாடுவதே தொண்டர்களுக்கு வேலையாகிவிட்டது. மற்ற வண்டிகள் முகப்பு வாசலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பாதைக்கு மேல் தாழ்ந்த கிளைகளைத் தீயணைப்பு வண்டி நுழையும் உயரத்துக்கு, 4.5 மீட்டர் வரை, வனக்காப்பாளர் முன்னிலையில் கழித்தோம். பட்டுப்போன கிளையுள்ள தைலமரங்களில் மஞ்சள் வட்டம் இருக்கிறது. அதன் கீழ் படுக்கை போடக்கூடாது. காற்றே இல்லாத மதியத்திலும் கிளை ஒடியும்.

அடுப்பு மூட்ட ஐந்து இடங்கள்தான். ஒவ்வொன்றையும் சுற்றி 3 மீட்டர் வரை சருகைக் கூட்டி, மண் தெரிய வைத்திருக்கிறோம். தைலச் சருகில் எண்ணெய் இருப்பதால் ஒரு பொறியிலேயே பற்றும். அணைக்கும்போது மண் மட்டும் போட்டு மூடுவது பெரிய தவறு. உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெறுங்காலோடு வருகிற யாத்திரைக்காரர் அதில்தான் மிதிப்பார். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே நகர வேண்டும். தேனடை உள்ள மரத்தடியில் புகை போடவே கூடாது. கேஸ் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும். இணைப்பைச் சோப்புத் தண்ணீரால் சோதியுங்கள், தீக்குச்சியால் அல்ல.

பாம்பு விஷயத்தில் கவலை கட்டுவிரியன்தான். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கமோ வலியோ பெரிதாக இராது. விடியற்காலை வயிற்றுவலி, இமை சரிவது என்று தொடங்கும்போதுதான் தெரியவரும். ஆகவே கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளச் சொல்கிறோம். யாரையாவது கடித்தால் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், நடக்க வைக்க வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

குடிதண்ணீர்த் தொட்டியில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் கழித்தே திறப்பது. ஊரணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைக்க வேண்டும், கலங்கல் நீரில் பவுடர் வேலை செய்யாது.

ஒலிபெருக்கி பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நம்மால் இரவு பத்து மணிக்குப் பாட்டை நிறுத்த முடியவில்லை. மூன்று நீண்ட விசில் என்றால் ஆபத்து என்று வைத்திருக்கிறோம். அது காதில் விழ வேண்டுமே.

வரும் ஆண்டுக்கு: வடிகால் கிளைகளையும் குழாய் வாயையும் ஆவணி கடைசியிலும் கார்த்திகை நடுவிலுமாக இருமுறை தூர்வார வேண்டும். கிளைக்கு ஓர் ஆள் என்று பொறுப்பெடுத்துக்கொள்ள விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதலாம். மண்வெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். சங்கத்தில் உள்ளவற்றில் பாதிக்குப் பிடி ஆடுகிறது.

இங்ஙனம்,
செயலாளர்